யாரும் சொல்லாத ‘வேண்டாம்’

மைசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஓனரம்மா என்று ஒருவர் இருக்கிறார் என்பதை அப்பா வெகுநாள் நம்பவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் வந்து பேசிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனதும், "அந்தம்மா நெஜமாவே இருக்காங்களா, இல்ல இவரேதான் அந்தம்மாவா?" என்று கேட்பார். நான் சிரிப்பேன். பிற்பாடு அந்தக் கேள்வியை நினைத்துச் சிரிக்க முடியாமல் போயிற்று.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். வேலையில் இருந்த காலமெல்லாம் குவார்ட்டர்ஸ் வாசம். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. என் அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் நானும் மட்டும்தான். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு வேண்டும் என்று தேடியபோதுதான் இந்த மேனேஜர் கிடைத்தார்.

அவர் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். முதலில் வீட்டு புரோக்கராக இருந்தவர். பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட ஓனர்கள் ஒவ்வொருவராகச் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போகப்போக மேனேஜர் ஆகிவிட்டார். எப்போதும் முழுக்கைச் சட்டை, கையில் பெரிய சாவிக்கொத்து. ஒவ்வொரு சாவியிலும் ஒவ்வொரு நிறத்தில் நூல் கட்டியிருப்பார். குடிவந்த அன்றைக்கே எனக்கு ஒரு பாடம் எடுத்தார்.

"ஓனரும் குடியிருக்கறவங்களும் நேராப் பேசிக்கிட்டா சண்டைதானுங்க சிஸ்டர். நடுவுல நான் இருந்தா ரெண்டு பேரும் ரெண்டு பேருக்கும் நல்லவங்களாவே இருந்துக்கலாம். எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க. ஓனரம்மாவக் கூப்புடோணும்னே நெனைக்காதீங்க. அவங்களுக்கு அது புடிக்காதுங்க."

நர்ஸ் என்பதால் நான் அவருக்கு சிஸ்டர். மைசூரில் பாதிப் பேருக்கு என் பெயரே அதுதான்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு மூக்குமேல் கோபம். ஒருமுறை வெயில் காலத்தில் மோட்டார் கெட்டுப்போய், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நைட் டூட்டி முடித்து வந்து நின்றபோது, அவரை ஃபோனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "மனுஷங்க குடியிருக்கற வீடா, மாட்டுக் கொட்டகையா?" என்றுகூடக் கேட்டேன். சாயங்காலமே புது மோட்டார் வந்தது. ஓனரம்மாவிடம் அவர் என்ன சொன்னார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. "சிஸ்டர் ரொம்பத் தன்மையாக் கேட்டுக்கிட்டாங்க" என்றாராம்.

அந்தப் பக்கத்து வார்த்தைகளும் எங்களிடம் வரும்போது அப்படித்தான் வந்திருக்க வேண்டும். இயேசு படம் மாட்ட ஆணி அடிக்கலாமா என்று கேட்டதற்கு, மறுநாள் வந்து, "அம்மா சொன்னாங்க, ஒரே ஒரு ஆணின்னா அடிச்சுக்கலாமாமுங்க" என்றார். மொட்டைமாடியில் குருவிகளுக்கு மண்சட்டியில் தண்ணீர் வைத்துக்கொள்ளட்டுமா என்று அப்பா கேட்டார். அதற்கும் மறுநாள் "அம்மா சொன்னாங்க" வந்தது. வைத்துக்கொள்ளலாம், ஆனால் கொசு முட்டையிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூசி மெழுகுவதில் அவருக்கு ஈடு இல்லை. அதில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அந்த வீட்டில் அப்பாவுக்குப் பிடித்தது படுக்கையறை ஜன்னல். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தால் சாமுண்டி மலை முழுசாகத் தெரியும். இருட்டத் தொடங்கும்போது மலைப்பாதை விளக்குகள் வரிசையாக எரிய ஆரம்பிக்கும். அதைப் பார்த்ததும் சமையலறையில் இருக்கும் எனக்குக் கேட்கிற மாதிரி, "சிக்னல் போட்டாச்சு" என்பார். அப்படியென்றால் காப்பி வேண்டும் என்று அர்த்தம். நாங்கள் வேதக்காரர்கள், அந்த மலைக்குக் கும்பிடப் போனதில்லை. ஆனாலும் அந்த விளக்கைப் பார்க்காத நாளில் அவருக்குப் பொழுது முடியாது.

கல்லீரலில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றிப்போயிருந்தது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். எல்லாம் செய்து பார்த்தார்கள். ஒருநாள் ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சிஸ்டர். இனி இங்க செய்றதுக்கு ஒண்ணும் இல்ல. அவருக்குப் பிடிச்ச இடத்துல இருக்கட்டும்" என்றார்.

அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறேன். டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விடுவார், அழுகிறவர்களின் பக்கத்தில் நின்று மறுபடி விளக்கிச் சொல்வது எங்கள் வேலை. அவர்கள் இருப்பது சொந்த வீடா, வாடகை வீடா என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அப்பாவிடம் வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஜன்னல் பக்கமாப் போடு கட்டில" என்றார். தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்தேன். நான் வார்டை விட்டு நகர முடியாது. ஆகவே கதவைத் திறந்துவிட மேனேஜரைக் கூப்பிட்டு, அப்பாவின் நிலையையும் சொன்னேன். அவரிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. 

"ஓனரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வர்றனுங்க சிஸ்டர்" என்றார்.

எதற்குக் கேட்க வேண்டும் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் வாடகை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. குடியிருப்பவர் வீட்டில் உயிர் போவதை ஓனர்கள் விரும்ப மாட்டார்கள். செத்த நேரத்து நட்சத்திரம் சரியில்லை என்றால் சில மாதம் வீட்டைப் பூட்டிப் போட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இங்கே பலமாக உண்டு. பூட்டாவிட்டாலும், சாவு விழுந்த வீடு என்று தெருவில் பேச்சு வந்துவிட்டால் அப்புறம் குடிவருகிறவர்கள் யோசிப்பார்கள். எங்கள் தெருமுனை வீட்டில் குடியிருந்தவர்கள் ஒரு பெரியவரைக் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். வைத்தியத்துக்காக அல்ல, வீட்டில் போய்விடக் கூடாது என்பதற்காக.

மறுநாள் காலை மேனேஜர் வார்டுக்கு நேரிலேயே வந்தார். கையில் இளநீர். அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தார், இரண்டு வார்த்தை பேசினார், பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். 

"அம்மாவுக்கு மனசு வரலீங்க சிஸ்டர்."

"அப்படீன்னா?"

"வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. தப்பா நெனைக்காதீங்க."

"எங்களுக்கு நட்சத்திரம், தோஷம் ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னீங்களா?"

"உங்களுக்குக் கெடையாதுங்க, எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு இருக்குதல்லங்க."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அந்தம்மாவின் நம்பரைக் கொடுங்கள், நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொடுத்துருவனுங்க. ஆனா அவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி ஒண்ணு சொல்லி, நீங்க ஒண்ணு சொல்லி, அதுக்கப்புறம் அந்த வீட்டுல எப்படிங்க குடியிருப்பீங்க? இப்ப உங்களுக்கு இருக்கற கஷ்டத்துல அது வேறயா?" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அதனால்தான் என் கோபம் எங்கும் போக வழியில்லாமல் எனக்குள்ளேயே நின்றது.

கூட வேலை பார்க்கிறவள் ஒருத்தி, "கூட்டிட்டுப் போயிடு, வந்து தடுத்தா பாத்துக்கலாம்" என்றாள். சொல்வது சுலபம். அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாரோ கேட்டைத் தட்டி, தெரு கூடி, நான் வாசலில் நின்று கத்தி, அதெல்லாம் அவர் காதில் விழ வேண்டுமா? நிம்மதியாகப் போவதற்காகத்தானே வீடு. கட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வார்டின் கோடியில் ஒரு படுக்கையைக் கேட்டு வாங்கி, பச்சைத் திரையை இழுத்துவிட்டு அப்பாவை அங்கே மாற்றினேன்.

அந்த இடத்து ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சாயங்காலம் ஆனால் அப்பா கண்ணைத் திறக்காமலே, "சிக்னல் போட்டாச்சா?" என்று கேட்பார். "போட்டாச்சுப்பா" என்பேன்.

வீட்டுக்கு எப்போது என்று முதலில் கேட்டார். இன்றைக்கு டாக்டர் வரவில்லை, நாளைக்கு ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை என்று எதையெதையோ சொன்னேன். இரண்டொரு நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார். அவரும் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டில் குடியிருந்தவர்தானே. ஒருநாள் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தார்.

"அந்தம்மா ஒத்துக்கலையா?"

நான் தலையணையைச் சரிசெய்தேன்.

"பரவால்ல விடு. அவங்க வீடு, அவங்களுக்குப் பயம் இருக்காதா?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, லேசாகச் சிரித்தார். "அப்ப நெஜமாவே இருக்காங்க. நான்தான் இந்த மனுஷனச் சந்தேகப்பட்டுட்டேன்."

அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. பச்சைத் திரைக்குப் பின்னால்தான் போனார். நான் பக்கத்தில் இருந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மதியச் சாப்பாடு வந்திருந்தது, எங்கள் திரையைப் பார்த்துவிட்டு அவர் சாப்பிடாமலே வைத்திருந்தார்.

அடக்கத்துக்கு மாதா கோயிலுக்குப் போகும் வழியில் வீட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்தட்டும் என்று நான்தான் சொன்னேன். ஆம்புலன்ஸ் போய் நின்றபோது மேனேஜர் அங்கே இருந்தார். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார், வருகிறவர்களுக்கு டீ சொல்லியிருந்தார். நடந்து போகிறவர்கள் நுழைவதற்குக் கேட்டின் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். பெட்டியை இறக்கப் போனவர்களிடம் கையைக் கூப்பி, "கேட்டுக்கு உள்ள வேண்டாமுங்க" என்றார்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பங்குச் சாமியார் தெருவிலேயே நின்று செபம் சொன்னார். மேனேஜர் ஓடிவந்து அவருக்குக் குடை பிடித்தார். எதிர்வீட்டு மாடியில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஆம்புலன்ஸின் பின்கதவு வீட்டைப் பார்த்துத் திறந்திருந்தது. அப்பாவின் தலைமாடு அந்தப் பக்கம் இருந்ததால் பார்க்கக்கூட அவருக்கு வசதிப்பட்டிருக்காது என்று ஒரு அர்த்தமில்லாத எண்ணம் எனக்கு வந்தது. அது மட்டும் இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. கல்லறையில் பெட்டியைத் தூக்கியவர்களில் மேனேஜரும் ஒருவர்.

நான் வீட்டைக் காலி செய்யவில்லை. செய்வேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். வேறு வீடு போனால் அங்கே அந்த ஜன்னல் இருக்காது. ஆனால் முகம் தெரியாத அந்த ஓனரம்மாவின்மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஊர் பேர் தெரியாத ஒரு மனுஷியை ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே போவேன்.

மழைக்காலம் முடிந்து, தசரா விளக்குகள் கட்டத் தொடங்கியிருந்த நேரத்தில் அந்த ஓனரம்மாவே வந்தார். கூரை ஒழுகி அறைச் சுவரெல்லாம் பூசணம் பூத்துப்போயிருந்தது. மேனேஜர் படம் எடுத்து அனுப்பியும் திருப்தி இல்லாமல் தானே பார்க்க வந்திருந்தார். மெலிந்த உடம்பு, பருத்திச் சேலை, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு சொன்னார். கன்னடம் பேசுகிறவர். உள்ளே வந்து சுவரைப் பார்க்கும் முன்பே என்னிடம் கேட்டது இதுதான்.

"குருவிக்குத் தண்ணி வைக்கிற பெரியவர் எங்கே? அவர்தானே என் மாடியை உயிரோட வெச்சிருக்கார்?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அவர் இல்லை. ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். இந்த வீட்டில் சாகக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று கன்னடத்தில் நேருக்கு நேராகக் கேட்டேன். அந்தக் கேள்வியை அத்தனை மாதம் உள்ளேயே வைத்துத் தீட்டியிருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. அந்தம்மாவிடம் யாரும் கேட்கவே இல்லை.

அவர் நேராகப் படுக்கையறைக்குள் போனார். அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரர் இந்த ரூமில்தான் போனார். இதே இடத்தில், மலையைப் பார்த்துக்கொண்டே. நான் எப்படி வேண்டாம் என்பேன்?" என்றார்.

கணவர் போன பிறகு அவரால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. மகனோடு பெங்களூர் போய்விட்டார். வீட்டைப் பற்றி ஃபோன் வந்தாலே அன்றைக்கெல்லாம் அழுகை. அதனால் மேனேஜரிடம், எதுவாக இருந்தாலும் நீங்களே பார்த்து முடித்துவிடுங்கள், என்னிடம் கேட்காதீர்கள், முடித்ததை மட்டும் மெசேஜில் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மேனேஜருக்கு அந்த அறையில் நடந்தது தெரியும். தெரிந்ததால்தான் அந்தப் பேச்சை அவரிடம் எடுக்க மனம் வரவில்லை.

"அந்த ரூமைப் பத்திச் சொன்னாலே அம்மா ஒடஞ்சு போயிருவாங்க சிஸ்டர்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். "அதுவுமில்லாம, இத்தன வருசத்துல எந்த ஓனரும் சரின்னு சொன்னதில்லீங்க. கேட்டாலும் வேண்டாம்னுதான் வரும். அத ஏன் அவங்க வாயால சொல்ல வெச்சு அவங்களுக்குப் பாவம் சேக்கறதுன்னு, நானே சொல்லிப்போட்டனுங்க."

"தண்ணி வரலன்னா பூசி மெழுகுங்க, ஆணி அடிக்கணும்னா பூசி மெழுகுங்க" என்றேன். "இதைப் போயி எப்படிங்க பூசி மெழுகுவீங்க?"  அவர் முழுக்கைச் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து நான் அந்தம்மாவைக் கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம், ஆனால் தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது. "அன்றைக்குக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?"

அவர் யோசித்தார். நல்லவராகக் காட்டிக்கொள்ள ஒரு பதிலை எடுத்து நீட்டவில்லை. "முதலில் வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் ஃபோனை வைத்ததும் நிச்சயமாகத் திருப்பிக் கூப்பிட்டிருப்பேன்" என்றார்.

அந்தப் பதிலை நான் நம்பினேன். வெறுப்பு போய்விட்டது, அதனிடத்தில் வந்த வருத்தம்தான் தாங்க முடியாததாக இருந்தது. வெறுப்புக்கு ஒரு ஆள் இருந்தார். இதற்கு யாருமே இல்லை. ஒருவருக்கொருவர் மனம் நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, நடுவில் என் அப்பாவைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டோம். அவர் கடைசியாக, மேனேஜரை வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். அவர் முதலில் சந்தேகப்பட்டதுதான் சரி. அதை அவரிடம் சொல்ல முடியாது என்பதை நினைத்து அன்று அழுதேன், அவர் போன அன்றைக்கு அழுததைவிட அதிகமாக.

ஓனரம்மா போகும்போது என் ஃபோனை வாங்கித் தன் நம்பரைத் தானே பதிந்து கொடுத்தார். நான் அதிகம் கூப்பிடுவதில்லை. இன்றைக்கும் மோட்டாருக்கும் ஒழுகலுக்கும் மேனேஜர்தான். ஆனால் அந்த நம்பர் இருக்கிறது என்பது வேறு விஷயம். மாடியில் குருவிச் சட்டியை நான்தான் நிரப்புகிறேன்.

இதற்குச் சில வருஷங்கள் கழித்து ஊருக்கு வெளியே புது லேஅவுட்டில் நானே ஒரு சின்ன வீடு வாங்கினேன். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து போவது முடியாத காரியம். ஆகவே அதை வாடகைக்கு விட்டுவிட்டு நான் இந்த வாடகை வீட்டிலேயே இருக்கிறேன். ஓனராகவும் குடித்தனக்காரியாகவும் ஒரே நேரத்தில் இருப்பது ஒரு தினுசான படிப்பு. முதலில் குடிவந்தவர்களிடம் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது, "சிஸ்டர், பாத்ரூம் அடைச்சுக்கிச்சு" என்று ஃபோன் வந்தது. நடுவில் ஒரு ஆள் எதற்கு என்று அன்று புரிந்தது. அதே மேனேஜரிடம் போய் நின்றேன்.

அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். "எங்கிட்டயா சிஸ்டர்?" என்றார்.

"உங்க கிட்டதான். ஆனா ஒரு கண்டிஷன்" என்றேன். "சரின்னு சொல்ற விஷயம் எல்லாத்தையும் என் பேரச் சொல்லி நீங்களே சொல்லிக்கலாம், என்னைக் கேக்கக்கூட வேண்டாம். வேண்டாம்னு சொல்றதா இருந்தா மட்டும் அதை நான்தான் சொல்லணும், என் வாயால, அவங்க மூஞ்சியப் பாத்து. அதை நீங்க எடுத்துட்டுப் போகக் கூடாது."

அவர் தலையாட்டினார். அந்த வார்த்தையை இன்றுவரை காப்பாற்றுகிறார். சொல்லப்போனால், ஒருமுறை நாய் வளர்க்கலாமா என்று குடித்தனக்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்ல அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போனேன். போய், அந்த நாய்க்குட்டியைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓனர்கள் எல்லோரும் இப்படிப் போய்ப் பார்த்தால் ஊரில் பாதி ‘வேண்டாம்’ உதிர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. தூரத்தில் இருந்து சொல்வதற்கு அது ரொம்பச் சுலபமான வார்த்தை.

இன்னொரு பழக்கமும் எனக்கு வந்துவிட்டது. வீடு பார்க்க யார் வந்தாலும் நான் ஒருதடவை நேரில் போவேன். அறைகளைக் காட்டி, தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லி, கடைசியில், "இந்த வீட்டுல உடம்புக்கு முடியாதவங்க இருக்கலாம். அவங்க காலம் இங்கயே முடிஞ்சாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல. அதுக்காக யாரையும் எங்கயும் கொண்டு போக வேண்டாம்" என்பேன். சொல்லும்போது மேனேஜர் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கல்யாணமாகிப் புதிதாக வந்த ஒரு ஜோடி இதைக் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பெண்ணின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர்கள் போனதும் மேனேஜர் பாவமாகச் சொன்னார். "பால் காய்ச்சறதுக்கு முந்தியே சாவப் பத்திப் பேசறீங்களே சிஸ்டர். வர்றவங்க பயப்படறாங்க. குடி வந்தப்புறம் மெதுவா நான் சொல்லிக்கறனுங்க."

"நீங்க மெதுவாச் சொன்னதெல்லாம் போதும்" என்றேன். சொன்ன பிறகு அது கொஞ்சம் கூடிப்போனது போலிருந்தது. அவர் முகம் மாறியது, ஆனால் அடுத்தமுறையும் கூட வந்து நின்றார்.

வீடு கொஞ்ச நாள் காலியாகவே கிடந்தது. பிறகு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கௌதள்ளிப் பக்கத்துத் தமிழர்கள், அவர் இங்கே ஒரு கம்பெனியில் டிரைவர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்தப் பெண் வீட்டை அவசர அவசரமாகப் பார்த்தாள். ஒரு அறையில் நின்றால் கண் அடுத்த அறையில் இருந்தது, நடுநடுவே வாசலைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை பேர் என்று மேனேஜர் கேட்டதற்கு, "நாங்க ரெண்டு பேருதானுங்க" என்று அவர் சட்டென்று சொன்னார்.

நான் என் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன்.

இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். போச்சு, இவர்களும் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கத்தை வெளிய ஆட்டோவுல இருக்கறாங்கக்கா" என்றாள். "ஆஸ்பத்திரியில கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. பாத்தா வீடு குடுக்க மாட்டாங்கன்னு தெருமுனையிலயே நிறுத்திட்டு வந்தோம்."

நான் வாய் திறக்கும் முன்பே மேனேஜர் நகர்ந்துவிட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சாவிக்கொத்தை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, அடியில் கல்லை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, ஆட்டோவை உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினார்.